மரத்தலும் மரவிப்பும்

வலியசாலையில் எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். தமிழில் ‘மரத்தல்’, மலையாளத்தில் ‘மரவிப்பு’. இரண்டும் உணர்வு இழத்தலைச் சுட்டும். மருந்து எங்கே செல்கிறது என்பதைச் சுட்டுவதில்லை.

சென்ற வாரம் லேசர் முறையில் முடி நீக்கிக்கொள்ளப் புறப்பட்ட தங்கை, இரு கால்களிலும் மரப்புக் களிம்பைத் தடவிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றத் தொடங்கினாள்.

“தோலுக்கு மேலேதானே, அண்ணா?”

தோலோடு நிற்பதில்லை. களிம்பிலுள்ள லிடோகெய்ன் குருதியிலும் கலக்கும். சிறிய இடத்தில் பூசினால் பெரும்பாலும் சிவப்பு, வெளிறல், எரிச்சல் என்ற அளவில் அடங்கும். பரப்புப் பெருகினாலோ, தாளால் மூடினாலோ, தோல் புண்பட்டிருந்தாலோ குருதியில் சேரும் அளவு கூடும். மயக்கம், வலிப்பு, இதயத்துடிப்புத் தடுமாற்றம் நேரலாம். பிரிலோகெய்ன் சேர்ந்த களிம்பு, குருதி ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைத்து உதடுகளை நீலம் பாயச் செய்யவும் கூடும்.

லேசருக்காக இவ்வாறே கால்களில் பூசிச் சுற்றிக்கொண்ட 22, 25 வயதுப் பெண்கள் இருவர் இறந்ததைச் சுட்டி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரித்தது.

தங்கை தாளை அவிழ்த்துக் கால்களைக் கழுவிக்கொண்டாள். எவ்வளவு, எவ்விடத்தில், எவ்வளவு நேரம்: களிம்பைத் தந்தவர்கள் இம்மூன்றையும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே மறுநாள் சென்றாள்.