பருத்திப்பட்டு டூ இருங்காட்டுக்கோட்டை... ஒரு செகண்ட்ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் ரூட்!

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போற ரோட்டுல பஸ் ஜன்னல் ஓரமா உட்கார்ந்து வந்திருக்கீங்களா? ஒரு பக்கம் அபார்ட்மென்ட், டீக்கடை, டூவீலர் மெக்கானிக் ஷெட்... திடீர்னு கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு ஏரி. அதுதான் பருத்திப்பட்டு. 2019-ல ஏரியைச் சுத்தம் பண்ணி, கரையில நடைபாதை போட்டு, பசுமைப் பூங்காவா மாத்தினாங்க. சாயங்காலமானா சுத்துவட்டார காலேஜ் பசங்க பாதிப் பேர் இங்கேதான். பேச்சு என்னவா இருக்கும்? அரியர், லவ், கேம்பஸ் இன்டர்வியூ... அதுக்கு அடுத்து வண்டி! "மச்சி, ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும்டா..."

வாங்கலாம் பாஸ். புதுசு வேண்டாம், நல்ல செகண்ட்ஹேண்ட் போதும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, பருத்திப்பட்டை நடுவுல வெச்சு நாலு திசையும் ஒரு ரவுண்ட் வாங்க. கார் வாங்குறதுக்கும், வாங்கினதைக் காப்பாத்துறதுக்கும் தேவையான பாடம் மொத்தமும் இந்த ஏரியாவுக்குள்ளேயே இருக்கு!

ஸ்டார்ட்டிங் பாயின்ட்: ஏரிக்கரை

முதல் ரூல்... கார் பார்க்கக் காலையிலேயே போங்க. அதுவும் "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்"னு ஓனர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க. ஓடிச் சூடான இன்ஜின் பல வியாதிகளை மறைச்சிடும். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜின்தான் உண்மை பேசும். பானெட் மேல கை வெச்சுப் பாருங்க, சில்லுனு இருக்கணும். ஸ்டார்ட் பண்ணினதும் பின்னாடி போய் சைலன்ஸரைக் கவனிங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்துக்கிட்டே இருந்தா, கூலன்ட் இன்ஜினுக்குள்ளே இறங்குதோன்னு சந்தேகப்படணும். கறுப்புப் புகைன்னா பெட்ரோல் தேவைக்கு மேல போகுது.

ரெண்டாவது ரூல், நம்ம சென்னைக்கே உரியது. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்... ரெண்டு தடவையும் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணியில நின்னுச்சு. அப்படி முழுகின கார் பெயின்ட் அடிச்சு, பாலீஷ் போட்டு, சென்ட் தெளிச்சு மறுபடி சந்தைக்கு வரும். கண்டுபிடிக்கிறது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. உள்ளே சுருண்டு கிடந்த பாகத்துல சேத்துக் கறை இருந்தா மேட்டர் ஓவர்! அடுத்து சீட்டுக்குக் கீழே இருக்கிற தண்டவாளம், போல்ட்டெல்லாம் துருவா? தரை விரிப்பைத் தூக்கினா ஈர வாசனை அடிக்குதா? ஹெட்லைட்டுக்குள்ள மண் படிஞ்சிருக்கா? இதுல ரெண்டு பொருந்தினாலே "அண்ணே, யோசிச்சுச் சொல்றேன்"னு கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க. முழுகின கார்ல இன்ஜினைக்கூட ரிப்பேர் பண்ணிடலாம். ஆனா வயரிங் அரிச்சுப்போய், மாசத்துக்கு ஒரு புது வியாதி காட்டும்.

மேற்கே... திருவள்ளூர்!

சி.டி.ஹெச். ரோட்டுல மேற்கே போனா பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டி திருவள்ளூர். ஒரு காலத்துல நம்ம ஊர்ப் பசங்களோட கனவு கார் அங்கேதான் பொறந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல மிட்சுபிஷி லான்சரை அந்த ஊர் ஆலையிலதான் தயாரிக்க ஆரம்பிச்சது. பின்னாடியே 2006-ல ஸீடியா வந்தது. ராலி ஓட்டுறவங்களுக்கு அது செல்லப்பிள்ளை!

இன்னைக்கும் நல்ல நிலையில ஒரு லான்சர் விற்பனைக்கு வந்தா மனசு அடிச்சுக்கும். ஆனா அவசரப்படாதீங்க. உற்பத்தி நின்னுபோன கார்னா ஒவ்வொரு ஸ்பேருக்கும் அலையணும். இதே கதை ஃபியட் பேலியோ 1.6-க்கும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் போலோ 2022-ல இந்தியாவுல விடைபெற்றது. அதே வருஷம் நம்ம மறைமலை நகர் ஆலையில ஃபோர்டும் உற்பத்தியை நிறுத்திடுச்சு. இந்த கார்களுக்கு ஸ்பேர் கிடைக்காதுன்னு அர்த்தமில்லை. ஆனா விலை பேசுறதுக்கு முன்னாடியே கிளட்ச் செட், சஸ்பென்ஷன், ஹெட்லைட் மூணும் எங்கே கிடைக்கும், என்ன விலைன்னு விசாரிச்சு எழுதிக்கங்க. அந்த லிஸ்ட்டைப் பார்த்த பிறகும் சிரிப்பு வந்தா, கார் வாங்கலாம்!

அடுத்தது வயசு. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான் செல்லும். அதுக்கப்புறம் ஃபிட்னஸ் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கட்டணம், பசுமை வரி எல்லாம் தனி. '2008 மாடல், ஒரு லட்சம்தான்'னு சொல்றப்போ, இந்தச் செலவு உங்க தலையில விழுமான்னு ஆர்.சி.யைப் பார்த்து முடிவு பண்ணுங்க.

பேப்பர் மேட்டர்ல கோட்டை விட்டா இன்ஜின் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஃபாரம் 29, 30 ரெண்டும் ஓனர் மாற்றத்துக்கு. லோன்ல வாங்கின கார்னா, கடன் முடிஞ்சதுக்கு ஃபாரம் 35-ம் பேங்க்கோட கடிதமும் கட்டாயம். ஆர்.சி.யில பேங்க் பேர் நீங்கினதை உறுதி பண்ணுங்க. தமிழ்நாட்டுக்குள்ளே விற்கிறவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். வாங்குற நீங்க 30 நாளுக்குள்ள பேரை மாத்தணும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்குக் கேட்டு விண்ணப்பிக்கணும். பழைய ஓனர் சேர்த்து வெச்ச 'நோ க்ளெய்ம் போனஸ்' காரோட வராது. அது அவரோட சொத்து!

"அப்புறம் மாத்திக்கலாம்டா"ன்னு விட்டா என்ன ஆகும்? 2018-ல ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு... காரை வித்திருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவேட்டுல யார் பேர் இருக்கோ, விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. அதனால ஒழுங்கான ஓனர் உங்களை முந்திக்கிட்டு பேரை மாத்தச் சொல்வார். "பேர் மாத்தவே வேண்டாம், அப்படியே ஓட்டுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, அந்த கார்ல ஏதோ வில்லங்கம் இருக்கு. பரிவாஹன் தளத்துல நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், எவ்வளவு அபராதம் பாக்கின்னு அன்னைக்கே பார்த்துடுங்க.

கிழக்கே... பாடி!

இப்போ வண்டியைத் திருப்புங்க. ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர் ஓ.டி. வழியா நேரா பாடி. ஆவடியைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் யோசிங்க. இந்தியாவோட விஜயந்தா டேங்க் 1965-ல முதல் முதலா உருண்டு வெளியே வந்தது இங்கே இருக்கிற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான்! அடுத்து அம்பத்தூர் எஸ்டேட். 1960-கள்லேர்ந்து லேத், கிரைண்டிங், வெல்டிங்னு ராத்திரி பகலா சத்தம் போடுற இடம். பாடி வந்ததும் கண்டக்டர் "லூகாஸ் எறங்கு"ம்பார். லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்... காருக்கான ஸ்டார்ட்டர், சக்கரம், பிரேக், போல்ட் எல்லாம் செய்யற கம்பெனிங்க வரிசை கட்டி நிக்கும். அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செஞ்சு அனுப்பினது இதுல ஒண்ணான சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்.

அந்த ரேடியேட்டர் மூடி ஒரு சின்ன சமாச்சாரம். ஆனா அது பிடிப்பு விட்டா, மே மாச டிராஃபிக்ல உங்க 'ஸ்போர்ட்ஸ்' கார் ஆவி பறக்க ஓரமா நிக்கும்! பழைய காரைக் கவனிக்கிறதுன்னா இந்தச் சின்னச் சமாச்சாரங்களைக் கவனிக்கிறதுதான். கூலன்ட் குறைஞ்சா போர் தண்ணியை ஊத்தாதீங்க. நம்ம ஏரியா தண்ணியில இருக்கிற உப்பு ரேடியேட்டர் குழாய்கள்ல படிஞ்சு அடைச்சிடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். அதனால கலர் எப்படி இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. இன்ஜின்ல டைமிங் பெல்ட்டா, செயினான்னு கேளுங்க. பெல்ட்டுன்னா, எப்போ மாத்தினாங்கன்னு பில் கேளுங்க. பில் இல்லையா? வாங்கின வாரமே மாத்துங்க. ஓடும்போது அது அறுந்தா பல இன்ஜின்கள்ல பிஸ்டன் போய் வால்வுகளை இடிக்கும். இன்ஜின் செலவு, கார் விலையைத் தொட்டுடும்!

டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். பட்டன் தேயாம பளபளன்னு இருந்தாலும், வயசான ரப்பர் ஈர ரோட்டுல பிடிக்காது. டர்போ கார்னா, விரட்டி ஓட்டி முடிச்சதும் ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு அணைங்க. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களோட ரப்பர் குழாய், சீல் எல்லாம் இதுக்காகச் செஞ்சதில்லை. சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் கசிவு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

பட்ஜெட் எப்படிப் போடுறது? கையில 3 லட்சம் இருந்தா 2 லட்சத்துக்குக் கார் தேடுங்க. மீதி ஒரு லட்சம் டயர், பெல்ட், ஆயில், இன்ஷூரன்ஸுக்கு. முழுசையும் கார்ல போட்டுட்டு பெட்ரோலுக்கு அப்பாகிட்ட கை நீட்டினா, ஸ்போர்ட்ஸ் கார் கெத்து ஒரு வாரம்கூடத் தாங்காது!

வடக்கே... சோழவரம்!

செங்குன்றம் தாண்டினா சோழவரம். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். போர் முடிஞ்சதும் அங்கே வேறொரு சத்தம் கேட்க ஆரம்பிச்சது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல உருவாச்சு. அப்புறம் பல வருஷம் இந்தியாவோட ரேஸ் பிரியர்கள் மொத்தப் பேரும் சோழவரத்துலதான் கூடினாங்க. நம்ம தாத்தாக்கள் காலத்துலயே ஸ்பீடுக்குன்னு தனி இடம் இருந்தது பாஸ்!

இதை ஏன் சொல்றேன்? பருத்திப்பட்டிலிருந்து மேற்கே கொஞ்சம் போனா அவுட்டர் ரிங் ரோடு. வண்டலூர் டூ மீஞ்சூர், 60 கிலோமீட்டருக்கு மேல. ராத்திரியில நீளமா, காலியா, ஆசை காட்டும். "ஒரே ஒரு தடவை டாப் ஸ்பீடு பார்த்துடலாம் மச்சி"ன்னு பின் சீட்லேர்ந்து குரல் வரும். அந்த ரோட்டுல லைட் இல்லாம நிக்கிற லாரி இருக்கும், எதிர்த்திசையில வர்ற பைக் இருக்கும், குறுக்கே போற மாடு இருக்கும். ஷிஃப்ட் முடிச்சு சைக்கிள்ல வீடு திரும்புற ஒருத்தர் இருப்பார். அவர் உங்க ரேஸுக்குப் பேர் கொடுக்கலையே!

சட்டமும் சும்மா இல்லை. பொது ரோட்டுல ரேஸ் விட்டா முதல் தடவைக்கே 3 மாசம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். கம்பெனி கொடுத்த சைலன்ஸரைக் கழட்டிட்டு ஊரையே எழுப்புற சைலன்ஸர் மாட்டுறதும் சட்டப்படி தப்பு. அதை வெச்சே இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம்.

தெற்கே... இருங்காட்டுக்கோட்டை!

கடைசித் திசை. பூந்தமல்லியில பெங்களூரு ஹைவே பிடிச்சு நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம் தாண்டினா இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் சான்ட்ரோ 1998-ல பொறந்த ஊர். அங்கேதான் அதே மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ரேஸ் டிராக் இருக்கு. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். தேசிய ரேஸ் நடக்கும்போது கேலரியில உட்கார்ந்து பார்க்கிறதே ஒரு பாடம். அவ்வப்போது 'ட்ராக் டே'யும் நடக்கும். சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் போட்டு, மார்ஷல்கள், ஆம்புலன்ஸ் பாதுகாப்போட ஓட்டலாம். எதிர்ல லாரி வராது, மாடு வராது!

அங்கே போனா கோயம்புத்தூர்க்காரர் கரிவரதனை நினைச்சுக்கங்க. வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க எல்லாராலும் முடியாதுன்னு, சாதாரண மாருதி 800-ஓட 796 சிசி இன்ஜினை வெச்சே 'ஃபார்முலா மாருதி' ரேஸ் காரை உருவாக்கினவர். நம்ம வீட்டு அம்மாக்கள் மார்க்கெட்டுக்கு ஓட்டிப்போன அதே இன்ஜின்! அந்தக் கார்ல, இந்த ஏரியா டிராக்ல தன்னோட முதல் ரேஸை ஓட்டின இன்னொரு கோவைப் பையன், 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா 1 டிரைவர் ஆனார். நரேன் கார்த்திகேயன்!

அப்போ ஸ்போர்ட்ஸ் கார்ங்கிறது பானெட் மேல இருக்கிற முத்திரை இல்லை. டயர் பிடிக்கணும், பிரேக் நிக்கணும், ஓட்டுறவனுக்கு எங்கே விரட்டணும்னு தெரியணும். இந்த மூணும் இருந்தா 2 லட்ச ரூபாய் ஹேட்ச்பேக்கும் ஸ்போர்ட்ஸ் கார்தான். இல்லைன்னா 20 லட்சம் கொடுத்தாலும் அது வெறும் சத்தம்.

அடுத்த ஞாயிறு ஃப்ரீயா பாஸ்? முதல்ல பஸ்லயே ஒரு ரவுண்ட் போயிட்டு வாங்க. கார் பார்க்கப் போற அன்னைக்கு, உங்க ஏரியா மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு டீயும், அவர் நேரத்துக்கான காசும் கொடுத்துக் கூடவே கூட்டிட்டுப் போங்க. சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்க மறந்துடாதீங்க!