பாங்கால் என்ற பெயருக்குள் யார் இருக்கிறார்கள்?

கொல்கத்தாவில் ஒருவர் உங்களிடம் "மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்று கேட்டால், அவர் கால்பந்தைப் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை. உங்கள் தாத்தா பாட்டி எந்த மண்ணிலிருந்து வந்தவர்கள், வீட்டில் எந்த வட்டார வழக்கில் பேசுவீர்கள், விசேஷத்துக்கு எந்த மீன் வாங்குவீர்கள் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மேற்கு வங்கத்தைச் சொந்த மண்ணாகக் கொண்டவர்களுக்குப் பட்டப்பெயர் 'கோட்டி'. (திருநெல்வேலித் தோழர்கள் சிரிக்க வேண்டாம். வங்காளத்தில் அதற்குச் சொம்பு என்று பொருள்.) கிழக்கு வங்கத்திலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெயர் 'பாங்கால்'. கோட்டிகள் மோகன் பகான், பாங்கால்கள் ஈஸ்ட் பெங்கால். பொதுவான கணக்கு இதுதான்.

நம் ஊரில் "எந்த ஊரு தம்பி?" என்ற கேள்விக்குப் பின்னால் "ஊர்ல எந்தத் தெரு?" என்று இன்னொரு கேள்வி வரும். அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொல்கத்தாவின் கேள்வி அப்படிப்பட்டது இல்லை, அது வெறும் வட்டார அடையாளம், அதில் சாதி கிடையாது என்று பலர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். உண்மையா என்று பார்க்க வேண்டும்.

'பாங்கால்' முதலில் வசைச்சொல். கிழக்கு மாவட்டங்களிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் அன்றைய கல்கத்தாவுக்கு வந்தவர்களின் பேச்சைக் கேலி செய்ய நகரத்துக்காரர்கள் பயன்படுத்திய சொல். பட்டிக்காட்டான், நாகரிகம் தெரியாதவன் என்று அர்த்தம். 1920 ஜூலை 28 அன்று கூச் பெஹார் கோப்பையில் ஜோராபாகான் அணி மோகன் பகானோடு மோதியது. ஜோராபாகான் அணியில் ஷைலேஷ் போஸ் என்ற வீரரைச் சேர்க்கவில்லை. அவர் கிழக்கு வங்கத்துக்காரர் என்பதுதான் காரணம் என்று நம்பப்பட்டது. ஜோராபாகான் கிளப்பின் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரியும் கிழக்கிலிருந்து வந்தவர். அவர் கோபத்தோடு வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது.

கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் சந்தோஷ் ஜமீனின் ராஜா மன்மத நாத் ராய் சௌத்ரி. நம் பிள்ளைகள் ஆடத் துடிக்கும் சந்தோஷ் டிராபியின் பெயர் அந்த ஜமீனிலிருந்துதான் வந்தது. இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. அவமானப்படுத்தப்பட்டவர்கள் நான்கு நாளில் ஒரு கிளப்பை நிறுவ முடிந்தது என்றால், அவர்கள் கையில் பணம் இருந்தது, பட்டம் இருந்தது, ஆட்களைத் தெரிந்திருந்தது.

1947இல் நாடு பிரிந்தது. லட்சக்கணக்கானவர்கள் வீடு, நிலம், ஆறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தார்கள். வந்த இடத்தில் 'ரெஃப்யூஜி' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. ஊர் போய்விட்டது, ஊரின் பெயர் மட்டும் ஒரு கால்பந்து அணியில் மிச்சம் இருந்தது. அந்த அணி ஜெயிக்கும் மாலையில் இந்த நகரத்தில் நாமும் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பது கொல்கத்தா மார்க்கெட்டில் பழகிய பேச்சு. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று ஜெயித்ததை இன்றும் அந்த வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்தில் 1 லட்சத்து 31 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்த ஆட்டம் அது.

வசைச்சொல் ஒன்றைப் பிடுங்கி நெஞ்சில் குத்திக்கொள்வது எப்படி என்று சமூகவியல் வகுப்பில் பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எனக்கும் அப்படித்தான் அறிமுகமானது. எம்.ஏ. படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு வங்காளத் தோழி இருந்தாள். கட்டில் தலைமாட்டில் சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த ஸ்கார்ஃப் தொங்கும். தெற்குக் கொல்கத்தாவில் அகதிகள் காலி நிலத்தை ஆக்கிரமித்துக் கட்டிய காலனி ஒன்றில் வளர்ந்தவள். தாத்தா டாக்காவில் வக்கீலாக இருந்தவர். "எங்க ஸ்டாண்டுல சாதி கிடையாது, பாங்கால் என்றால் எல்லாரும் பாங்கால்தான்" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் அனுபவம். அந்தக் காலனியில் நாமசூத்திரர்கள் எத்தனை குடும்பம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அவங்க எல்லாம் வேற பக்கம் போயிட்டாங்க போல" என்றாள்.

வேறு பக்கம் போகவில்லை, அனுப்பப்பட்டார்கள். பிரிவினையை ஒட்டி முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த, நகரத்துத் தொடர்புள்ள உயர்சாதியினர். பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் போன்ற காலனிகளைப் போராடி எழுப்பியவர்களில் அவர்களே அதிகம். அந்தப் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிலத்தில் உழைத்த தலித் மக்கள் பெரிய எண்ணிக்கையில் வரத் தொடங்கியது 1950 கலவரங்களுக்குப் பிறகு. பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராக இருந்த ஜோகேந்திரநாத் மண்டல் பதவி விலகி இந்தியா வந்ததும் அதே ஆண்டில்தான். 1946இல் பாபாசாகேப் அரசியல் நிர்ணய சபைக்கு வங்காளத்திலிருந்து தேர்வாக உழைத்தவர் அவர்.

இந்த மக்களுக்குக் கொல்கத்தாவில் இடம் கிடைக்கவில்லை. முகாம்களில் வைத்திருந்தார்கள். 1958இல் தண்டகாரண்யத் திட்டம் வந்த பிறகு மல்கான்கிரி, கோராபுட், பஸ்தர் என்று அவர்களுக்கு முன்பின் தெரியாத காட்டுக்கும் வறண்ட மேட்டுக்கும் ரயிலேற்றி அனுப்பினார்கள். ஆற்றிலும் சேற்று வயலிலும் பிழைத்தவர்கள் அவர்கள். 1978இல் ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து கிளம்பி, சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் குடியேறினார்கள். தாங்களே பள்ளிக்கூடம் கட்டினார்கள், மீன்பிடித்துப் பிழைத்தார்கள். 1979 ஜனவரியில் இடது முன்னணி அரசு தீவைச் சுற்றி வளைத்தது. உணவும் குடிநீரும் மருந்தும் போகாமல் தடுத்தது. போலீஸ் சுட்டது. மே மாதம் குடிசைகளை எரித்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு கிடையாது.

அவர்களும் பாங்கால்கள்தான். அதே மண், அதே பேச்சு, அதே ஹில்சா மீன். பரிசாலில் பிறந்து, முகாமில் வளர்ந்து, ஜாதவ்பூரில் ரிக்‌ஷா இழுத்த மனோரஞ்சன் பியாபாரி பின்னாளில் எழுத்தாளரானார். ஜாதவ்பூரைச் சுற்றி இருப்பவையெல்லாம் கிழக்கு வங்க அகதிகளின் காலனிகள். ஊர்ப்பெயர் ஒன்றாக இருந்தும் ஒருவர் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தார், ஒருவர் இழுத்தார். அவர் தன் சுயசரிதைத் தலைப்பில் 'பாங்கால்' என்ற சொல்லை வைக்கவில்லை. 'சண்டாள்' என்ற சொல்லை வைத்தார்.

இங்கே 1911க்குப் போக வேண்டும். கால்பந்து தெரிந்த எல்லாருக்கும் அந்த ஆண்டு தெரியும். மோகன் பகான் அணி, பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி ஷீல்டை வென்ற ஆண்டு. அதே 1911இல் வங்காளத்தில் இன்னொன்றும் நடந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சண்டாள்' என்ற பெயரை நீக்கி 'நாமசூத்திரர்' என்று பதிந்தார்கள். மத்துவா இயக்கத்தின் குருசாந்த் தாகூரும் அவர் பின்னால் நின்ற மக்களும் பல வருடம் மனு கொடுத்துப் போராடிப் பெற்ற மாற்றம் அது. ஒரு வெற்றிக்குச் சிலையும் பாடநூல் பக்கமும் இருக்கிறது. இன்னொன்றை நாம் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

பாங்கால்கள் தங்கள் மீது எறியப்பட்ட பெயரை வைத்துக்கொண்டார்கள். நாமசூத்திரர்கள் தூக்கி எறிந்தார்கள். ஏன் இந்த வேறுபாடு? இரண்டாமவர்களுக்குத் துணிச்சல் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 'பாங்கால்' என்ற வசை உங்கள் பேச்சைக் கேலி செய்கிறது. 'சண்டாள்' என்ற வசை உங்களைக் கிணற்றுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் வெளியே நிறுத்துகிறது. முதலாவதைப் பெருமையாக மாற்ற ஒரு கிளப்பும் நல்ல கோல்கீப்பரும் போதும். இரண்டாவதை மாற்ற, அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கும் அமைப்பையே அசைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நம் முன்னோடிகள் இரண்டு வழியையும் நடந்து பார்த்தவர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். அதைச் சொல்லக் கூசுகிறவர்கள் முன்னால் அந்தப் பெயரை அச்சில் ஏற்றினார். எம்.சி. ராஜா 1922இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து 'ஆதிதிராவிடர்' என்ற பெயரைப் பெற்றுத்தந்தார். எது சரி என்று நாம் இன்றும் விவாதிக்கலாம். பெயரைத் தீர்மானிக்கும் உரிமை நம்முடையது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் 'சண்டாளன்' இன்றும் தமிழில் செல்லத் திட்டாக, சினிமாப் பாட்டு வரியாக, மேடைப் பேச்சாகப் புழங்குகிறது. தமிழ்நாட்டு பட்டியல் சாதிகளின் அட்டவணையில் உள்ள பெயர் அது. 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், இந்தச் சொல்லை இழிவாகப் பயன்படுத்தினால் வழக்குப் பாயும் என்று எச்சரிக்க வேண்டிவந்தது.

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. 2020 ஜனவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நாடு கொந்தளித்தபோது, 'இது ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து வாங்கியது அல்ல' என்று மைதானத்தில் பேனர் விரித்தவர்கள் அவர்கள். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டபோது மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் ஒன்றாகத் தெருவுக்கு வந்தார்கள். கால்பந்து ஸ்டாண்டு அரசியல் பேசும் இடம்தான். ஆனால் அந்த 'காகிதத்துக்காக' 2003 சட்டத் திருத்தம் முதல் போராடிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பங்கு மத்துவா மக்கள். அகதியின் வலி என்று பொதுவாகச் சொல்லும்போது, அதை அதிகம் சுமந்தவர்கள் யார் என்பது மறைந்துபோகிறது.

இது வங்காளத்தோடு முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வேலையாக லைன் வீடுகளுக்குப் போவேன். அங்கே ஒரு பையன், இருபத்திரண்டு வயதிருக்கும், ஈஸ்ட் பெங்கால் ஜெர்சி போட்டிருந்தான். போங்காவ் பக்கம் ஊர், மத்துவா குடும்பம். தாத்தா ராய்ப்பூருக்கு அருகே மானா முகாமில் இருந்தவராம். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இந்தி கலந்து சொன்னான்: "மைதானத்துல நான் பாங்கால், அக்கா. ஊர்ல நமோ. இங்க வந்தா வடக்கன்." 'நமோ' என்றால் நாமசூத்திரன், சுருக்கி இளக்காரமாக. சொல்லிவிட்டு, "டெல்லி பக்கம் போனா பங்களாதேஷி" என்று சிரித்தான். 2025இல் குருகிராமில் வங்க மொழி பேசியதற்காகவே தொழிலாளர்களைச் சந்தேகத்தில் பிடித்து வைத்த செய்தி அவனுக்குத் தெரிந்திருந்தது.

நான்கு பெயரில் ஒன்றைத்தான் அவன் விரும்பி அணிந்திருக்கிறான். அதுவும் தொண்ணூறு நிமிடத்துக்கு. அந்தத் தொண்ணூறு நிமிடத்தை நான் மதிக்கிறேன். ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவன் சாதி கேட்காமல் கட்டிப்பிடிக்கும் சுகம் சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவனுக்குத் தாத்தாவின் வக்கீல் தொழில் காத்திருக்கிறது, இன்னொருவனுக்கு மானா முகாம் காத்திருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஏரியாவுக்கும் டீமுக்கும் மாவட்டத்துக்கும் பட்டப்பெயர் இருக்கும். அதைப் பெருமையோடு சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே விசாரியுங்கள்: அந்தப் பெயரை முதலில் வைத்தவர் யார்? அந்த ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொள்ளும் அணியில் காலனிப் பிள்ளைகள் ஆடுகிறார்களா, கோப்பையை வாங்கிய படத்தில் இருக்கிறார்களா? 'மண்ணின் மைந்தர்' என்ற சொல்லை யார் வாயால் கேட்கிறீர்கள்?

கடைசியாக, 'வடக்கன்' என்ற சொல்லை நம் கூட்டங்களிலும் மீம்களிலும் பார்க்கிறேன். அந்தச் சொல்லால் அடிபடுகிறவர்களில் போங்காவ் பையனும் இருக்கிறான், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தலித், பழங்குடித் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இந்தி திணிப்பை எதிர்ப்போம், அது டெல்லியோடு உள்ள சண்டை. லைன் வீட்டில் எட்டுப் பேர் ஒரு அறையில் படுத்துறங்குகிறவன் மேல் அந்தப் பெயரை எறியாதீர்கள். 'சண்டாளன்' என்று யாராவது மேடையில் சொன்னால் நமக்கு வரும் கோபத்தில் பாதியாவது இதற்கும் வர வேண்டும்.

ஜெய்பீம்.