வின்னியும் டானிக்காவும்

1988ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் காற்பந்தின் மாபெரும் இறுதியாட்டம் அன்று சான் டியேகோ நகரில் நடந்து முடிந்தது. ஆட்டத்தைக் கண்டு களித்த கோடிக்கணக்கான மக்கள் தொலைக்காட்சிப் பெட்டியை அணைக்கு முன்னரே, ஏபிசி நிறுவனம் புதிய தொடர் ஒன்றின் முதல் அங்கத்தை ஒளிபரப்பியது. அதன் பெயர் 'தி ஒண்டர் இயர்ஸ்'. வியப்பூட்டும் ஆண்டுகள் என்று அதனைத் தமிழில் கூறலாம்.

கதை நிகழ்வது 1968ஆம் ஆண்டில். கெவின் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அதே தெருவில் வாழும் வின்னி கூப்பர் என்னும் சிறுமி. இருவரும் இடைநிலைப் பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் காலம். வியட்நாம் போருக்குச் சென்ற வின்னியின் அண்ணன் மாண்டுவிட்டான் என்னும் செய்தி அத்தெருவுக்கு வந்து சேர்கிறது. மாலை மங்கிய நேரத்தில், மரங்கள் சூழ்ந்த இடத்தில், ஒரு பாறையின் மீது தனியே அமர்ந்திருக்கிறாள் சிறுமி. சிறுவன் தன் மேற்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்துகிறான். பேசுவதற்குச் சொல் கிடைக்காத இரு குழந்தைகள் அறியாமல் தந்துகொள்ளும் ஒரு முத்தத்தோடு அங்கம் முடிகிறது. நடித்த இருவருக்குமே வாழ்வில் அதுதான் முதல் முத்தம் என்று அவர்கள் பிற்காலத்தில் கூறியுள்ளனர். பிறர் எழுதிய கதையில், விளக்குகளும் ஒளிப்பதிவுக் கருவிகளும் சூழ்ந்திருக்க, ஒரு குழந்தையின் வாழ்வு நிகழ்ந்துவிட்டது. குழந்தை நடிகர்களைப் பற்றி எண்ணும்பொழுது இந்த ஒரு செய்தியே போதும், நெஞ்சம் கலங்குவதற்கு.

வின்னியாக நடித்த சிறுமியின் பெயர் டானிக்கா மெக்கெல்லர். 1975ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், கலிபோர்னியாவின் லா ஹோயாவில் பிறந்தவள். அவளும் அவள் தங்கை கிறிஸ்டலும் ஒருசேர அப்பாத்திரத்திற்குத் தேர்வுக்கு வந்தனர். இருவருள் எவரைக் கொள்வது என்று தயாரிப்பாளர்கள் தடுமாறினராம். முடிவில் அக்காளுக்கு வின்னி கிடைத்தாள். தங்கையின் திறமையையும் மறக்க மனமின்றி, பின்னர் பெக்கி ஸ்லேட்டர் என்னும் துணைப்பாத்திரத்தை அவளுக்கு அளித்தனர். அத்தங்கை வளர்ந்தபின் யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் பயின்று வழக்கறிஞரானார்.

முதற்பருவத்தில் ஆறே அங்கங்கள்தாம் வெளிவந்தன. அதற்குள் அவ்வாண்டின் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது அதனை நாடி வந்தது. 1993ஆம் ஆண்டு மே வரை 115 அங்கங்கள். பதின்மூன்று வயதில் தொடங்கியவள் பதினெட்டு வயதில் விடைபெற்றாள். இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுச் சிறுவர் பலரின் மனத்தில் 'அடுத்த வீட்டுப் பெண்' என்றால் அது வின்னிதான் என்றாயிற்று.

இத்தகைய புகழ் இளந்தோள்களுக்குப் பெருஞ்சுமை. 1966 முதல் 1971 வரை ஒளியேறிய 'ஃபேமிலி அஃபேர்' என்னும் தொடரில் பஃபியாக வந்து நாட்டையே மயக்கிய அனிஸ்ஸா ஜோன்ஸ், 1976இல் தம் பதினெட்டாம் வயதில் போதை மருந்துக்கு இரையானார். கதையில் அவர் கையில் வைத்திருந்த பொம்மையைப் போன்ற பொம்மைகள் கடைதோறும் விற்றன. அப்பொம்மையை ஏந்திய குழந்தையைப் பேணுவார் இல்லை. அதற்கும் முன்னே, 1921இல் சார்லி சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், குழந்தையாய் இருந்தபொழுது இலட்சக்கணக்கான டாலரை ஈட்டினார்; ஆளானபின் கணக்குக் கேட்டால் கையில் ஒன்றுமில்லை. பெற்ற தாயின் மீதும் மாற்றுத் தந்தையின் மீதும் 1938இல் அவர் வழக்குத் தொடுத்தார். கிடைத்தது ஏறத்தாழ 126,000 டாலர். அவ்வழக்கின் விளைவாக 1939இல் கலிபோர்னியா மாநிலம் அவர் பெயராலேயே வழங்கும் சட்டத்தை இயற்றியது. ஓட்டைகள் பல இருந்த அச்சட்டம் 2000ஆம் ஆண்டில் திருத்தம் பெற்றது. அதன்படி, குழந்தையின் வருவாயில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தனிக்கணக்கில் வைத்தல் கட்டாயமாயிற்று.

ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளத்தக்க வேறொன்றும் அம்மாநிலத்தில் உண்டு. பள்ளி நாளில் குழந்தை நடிகர் படப்பிடிப்புக்கு வந்தால், அங்கேயே அவருக்கு மூன்று மணி நேரம் பாடம் நடத்தப்பட வேண்டும். அதற்கென அமர்த்தப்படும் ஆசிரியரின் பொறுப்பு பாடத்தோடு முடிவதில்லை. குழந்தையின் உடல்நலம், பாதுகாப்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்கும் அவரே காவல். தீங்கு நேரும் எனக் கண்டால், இயக்குநர் எத்துணைப் பெரியவராயினும், குழந்தையை அழைத்துக்கொண்டு வெளியேற அவருக்கு உரிமை உண்டு. பல இலட்சம் டாலர் செலவில் நடக்கும் படப்பிடிப்பை ஒரு பள்ளியாசிரியர் நிறுத்தலாம் என்பது எளிய செய்தியன்று.

இனி, கணக்குக்கு வருவோம். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் கணக்குத் தேர்வு. வினாத்தாளில் இருந்தவை ஏதோ அயல்மொழி எழுத்துகளைப் போல் தோன்றின. மணி அடித்தது, தாள் வெறுமையாகவே இருந்தது. இதனை மறைக்காமல் டானிக்காவே எழுதியிருக்கிறார். மணியடித்தபின் வெற்றுத்தாளோடு அமர்ந்திருக்கும் அந்தச் சிறுமியை அறியாத ஆசிரியர் எவரேனும் உளரோ? எல்லா ஊர்களிலும் எல்லா வகுப்புகளிலும் அவள் உண்டு. பெரும்பாலும் பின்வரிசையில் இருப்பாள். 'கணக்கு எனக்கு வராது' என்பாள். ஆண்டு முடிவதற்குள் நாமும் அதனை நம்பத் தொடங்கிவிடுவோம். டானிக்காவுக்கு நல்லூழ் இருந்தது. பின்னர் வாய்த்த ஓர் ஆசிரியை, கணக்கை அச்சுறுத்தாமல் சிரித்த முகத்தோடு கற்பித்தார். அச்சம் போன இடத்தில் ஆர்வம் வந்தது. அது திறமையாக மாறப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். அத்தொடரில் வந்த கதைகளுள் கணக்காசிரியர் காலின்ஸைப் பற்றிய கதை மிக உயர்ந்தது. கண்டிப்பானவர், சிரிக்காதவர். கெவினுக்குப் பள்ளி முடிந்தபின் தனியே பாடம் சொல்லித் தருகிறார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில், காரணம் கூறாமல் ஒரு நாள் நிறுத்திவிடுகிறார். சினங்கொண்ட சிறுவன் தேர்வுத்தாளில் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதிக் கொடுக்கிறான். ஆசிரியர் நோயுற்றிருந்தார் என்பதும், இறந்தார் என்பதும் பிறகுதான் தெரிகின்றன. அவனுக்கென ஒரு புதிய வினாத்தாளை அவர் விட்டுச் சென்றிருந்தார். கதையில் கணக்கோடு போராடியவன் கெவின். கணக்கு உண்மையில் காத்திருந்ததோ வின்னியாக நடித்தவளுக்கு. தொடரை எழுதியவர்கள் இதனைக் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

தொடர் முடிந்தது. டானிக்கா லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எங்குச் சென்றாலும் 'வின்னி' என்னும் குரல் முன்னே வந்து நின்றது. அன்போடு அழைப்பவர்களைக் கடிந்துகொள்ள இயலுமா? ஆயினும் அவ்வன்பு எவருக்கு உரியது? எழுத்தாளர் எழுதிய சொற்களைப் பேசி, பிறர் தைத்த உடையை உடுத்தி, பிறர் வகுத்த இடத்தில் நின்ற ஒரு சிறுமிக்கு உரியது. பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தன் பெயரை அறியாத பேரன்புக்கு நடுவே நிற்கும் நிலை அது. 'நான் எவருக்கேனும் பயன்படுவேனா, அல்லது என் முகம் மட்டுந்தானா?' என்பதே அவ்வாண்டுகளில் அவரை வருத்திய வினா. அனிஸ்ஸாவைப் போன்றோர் வீழ்ந்த பள்ளம் இவ்விடத்திற்குத் தொலைவில் இல்லை.

திரைப்படக் கலையைப் பயிலலாம் என்பதே அவருடைய முதல் எண்ணம். கணிதத்தைப் பட்டப் பாடமாகக் கொள்ளும் துணிவு அப்பொழுது இல்லை. நுண்கணித வகுப்பு ஒன்றில் மட்டும் அமர்ந்தார். முதல் தேர்வு கடினமாக இருந்தது. தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார். முடிவுகள் வந்தபொழுது மற்றவரெல்லாம் அவருக்குப் பின்னே நின்றனர். அதன்பின் ஒரு நாள், மாணவர் ஒருவர் தோளைத் தொட்டு, 'நீங்கள் அந்தப் பெண்தானே?' என்று தொடங்கினார். வழக்கம்போல் வின்னியைத்தான் கேட்கப் போகிறார் என்று இவர் புன்முறுவலோடு காத்திருந்தார். அவர் கேட்டதோ, அத்தேர்வில் அந்த மதிப்பெண்ணை எடுத்த பெண் நீங்கள்தானே என்பது.

அந்நிகழ்ச்சியை அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பலமுறை சொல்லத்தக்கதே. விருதுகளும் இதழ் அட்டைகளும் தராத ஒன்றை, ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையால் எழுதிய எண் தந்துவிட்டது. தேர்வுத்தாளுக்கு முகம் தெரியாது. மதிப்பெண் முறையை இகழ்ந்து பேசுவது இக்காலத்தில் நாகரிகமாகிவிட்டது. இகழ்வோர் இந்தப் பக்கத்தையும் சற்றே புரட்டிப் பார்க்கலாம்.

பட்டப் படிப்பின் இறுதிக் காலத்தில், பிராண்டி வின் என்னும் உடன்பயின்ற மாணவியோடு சேர்ந்து, பேராசிரியர் லிங்கன் சேய்ஸ் வழிகாட்ட, டானிக்கா ஓர் ஆய்வில் இறங்கினார். அது எத்தகையது என்பதைக் கோலத்தைக் கொண்டு ஓரளவு விளக்கலாம். எல்லையற்ற முற்றத்தில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறோம் எனக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளியிலும் சின்னஞ்சிறு காந்தம் உள்ளது. அது நான்கு நிலைகளுள் ஏதேனும் ஒன்றில் நிற்கலாம். வெப்பம் மிகுந்திருக்கையில் ஒவ்வொன்றும் தன் போக்கில் நிற்கும். வெப்பம் தணியத் தணிய, பக்கத்துப் புள்ளியின் நிலையைத் தானும் மேற்கொள்ளும். புள்ளிகள் இவ்வாறு ஒன்றோடொன்று இணைந்து, அவ்விணைப்பு முற்றத்தில் முடிவின்றிச் செல்லும் ஒரு நிலை வரும். வடிகட்டியில் இட்ட காப்பித்தூளினூடே நீர் வழிகண்டு கீழே இறங்குவதைப் போன்றது அது. இன்னொரு புறம், முழு முற்றமும் ஒரே வகையான அமைதி நிலையைத்தான் அடைய முடியுமா, பல வகை நிலைகளை அடைய முடியுமா என்னும் கேள்வியும் உண்டு. 1943இல் அஷ்கின், டெல்லர் என்னும் அறிஞர் இருவர் அமைத்த காந்த மாதிரியில், இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியாதவை என்று மூவரும் நிறுவினர். முடிவற்ற இணைப்புத் தோன்றும் இடத்திலேதான் பல நிலைகளும் தோன்றும் என்பது அவர்கள் முடிவு. 1998ஆம் ஆண்டில் பிரிட்டனின் இயற்பியல் ஆய்விதழ் ஒன்று அக்கட்டுரையை வெளியிட்டது. அத்தேற்றம் சேய்ஸ், மெக்கெல்லர், வின் மூவர் பெயராலும் வழங்குகிறது. அதே ஆண்டில் டானிக்கா மிக உயர்ந்த சிறப்போடு கணிதப் பட்டம் பெற்றார்.

மேற்கொண்டு ஆய்வு செய்து பேராசிரியராவார் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். அவர் நடிப்புக்கே திரும்பினார். 2002, 2003ஆம் ஆண்டுகளில் 'தி வெஸ்ட் விங்' தொடரில் தோன்றினார். அதன்பின் தொலைக்காட்சிப் படங்கள் பல. இதனைக் குறையாகக் கருதுவோர் உளர். அவரைப் போலவே குழந்தைப் பருவத்தில் தொலைக்காட்சியில் வளர்ந்த மயிம் பியாலிக், அதே பல்கலைக்கழகத்தில் 2007இல் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றாரே என்று ஒப்பிடுவோரும் உளர். அவர் தொழிலுக்குத் திரும்பியதைக் குறை கூறுவானேன்? இம்முறை அவர் வேண்டியே திரும்பினார். சிறுவயதில் அத்தொழிலைத் தவிர வேறொன்றை அறியாதவராய் அதில் இருந்தார். இப்பொழுது வேறு வழியும் தமக்கு உண்டு என்பதை அறிந்தவராய் அதில் நின்றார். இரண்டும் ஒன்றல்ல.

கணக்கையும் அவர் கைவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன், பெண்கள் கணிதம் பயில வேண்டியதன் இன்றியமையாமையைப் பற்றிப் பேசினார். 2007இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 'கணக்கு ஒன்றும் கசப்பன்று' என்று அதன் பெயரைச் சற்று நயமாக மொழியலாம். மூலப் பெயர் அத்துணை நயமுடையதன்று. தொடர்ந்து 2008, 2010, 2012ஆம் ஆண்டுகளில் எதிர்மறை எண்கள், இயற்கணிதம், வடிவகணிதம் பற்றிய நூல்கள். பள்ளிப் பெண்களுக்கென்றே எழுதப்பட்டவை அவை. பகா எண்களைக் கற்பிக்க மணிகள் கோத்த கைவளையில் தொடங்குவார். இளைஞர் இதழ்களைப் போன்ற அட்டை. ஒப்பனை, தோழியர், உடை பற்றிய உதாரணங்கள். கண்டிப்பான கணக்காசிரியர் எவரும் முகஞ்சுளிப்பர். பெண் என்றால் அணிகலன்தானா என்று அக்காலத்தே எழுந்த கண்டனத்திலும் உண்மையில்லாமல் இல்லை. எனினும், அந்நூல்களின் உள்ளே இருக்கும் கணக்கில் ஒரு படியும் தாண்டப்படவில்லை. பின்னங்களைப் பகுப்பதற்கான காரணம்கூடப் பொறுமையாக விளக்கப்படுகிறது. மணியடித்தபின் வெற்றுத்தாளோடு அமர்ந்திருந்தவள் எழுதியவை அல்லவா?

2017ஆம் ஆண்டில் பள்ளி செல்லாத குழந்தைகளுக்கென ஒரு படநூல் எழுதினார். உறங்கப் போகும் குழந்தை, வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே, ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களுக்கு இரவு விடை கூறுகிறது. தாயோ தந்தையோ மடியில் வைத்து அதனைப் படிக்கும்பொழுது, அட்டையிலுள்ள பெயரைக் கண்டு பழைய நினைவொன்று அவர்கள் நெஞ்சில் எழலாம். மடியிலிருக்கும் குழந்தைக்கு வின்னி யாரென்றே தெரியாது. அது விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கும்.