பேக் கம்ப்ரஷன்

"எஞ்சின நாசம் பண்ணது உன் தம்பிதான். புது எஞ்சினுக்கு உண்டான துட்ட வச்சிட்டுப் போ" என்று குப்பத்துப் பெரியவர்கள் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். ஊர் ஊராய்க் கூட்டங்களில் பேசித் திரிகிறவன். நெய்தல் திணையின் கருப்பொருள்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எஞ்சினிலிருந்து ஆயில் ஏன் வெளியே வந்தது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்த வெட்கத்தில் தம்பியிடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் சேரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தெற்குக் கோடி நம் பக்கம். சுற்றுலா வருகிறவர்களுக்கு 1613இல் டச்சுக்காரன் கட்டிய கோட்டையைப் பற்றிச் சொல்வார்கள். பாட்டைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சில குப்பங்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அதுதான் பாடு. அந்த முறையில் பெயர் இருக்க வேண்டுமானால் அந்தக் குப்பத்தில், அந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும். நாங்கள் அதில் இல்லை. இருளர்களும் இல்லை. எங்கள் நைனாவும் அம்மாவும் சேற்றுத் தண்ணீரில் குந்தி, கையால் தடவித் தடவி இறால் பிடித்தவர்கள். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்ததை நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். எங்கள் ஏரியில் தண்ணீரைத் தொட யாரும் தடுப்பதில்லை. அதில் ஓடுகிற மீனுக்குத்தான் கணக்குக் கேட்கிறார்கள்.

அதனால் தம்பி வலையைத் தொடவே இல்லை, ஸ்பேனரைப் பிடித்தான். காசிமேட்டில் ஒரு பட்டறையில் எட்டு வருஷம் கிடந்து வேலை கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தான். ஃபைபர் படகுகளின் டீசல் எஞ்சின்களுக்குக் கரையிலேயே ஆள் கிடைத்ததில் குப்பத்தாருக்கும் சந்தோஷம். அவர்களுடைய எஞ்சினின் வயிற்றுக்குள் சேரிக்காரன் கை போகலாம். அந்தப் படகில் ஏறிப் பாட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு படகுக்கு ரிங்கும் ஆயில் சீலும் மாற்றிக் கொடுத்திருந்தான். பத்தாம் நாள் முகத்துவாரத்துக்கு வெளியே அந்த எஞ்சின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. ஆயில் மொத்தமும் சீல் வழியாக வழிந்து படகின் அடியில் கிடந்தது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவந்ததால் இரண்டு உயிர் பிழைத்தது. கரைக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு கை வச்சது?"

அன்று ராத்திரி தம்பி எனக்குப் பாடம் எடுத்தான்.

"சைக்கிள் பம்புல வாஷர் தேஞ்சா காத்து பின்னாடி வருதில்லண்ணே, அத்த மாதிரிதான். ரிங்கு எவ்ளோ புதுசா இருந்தாலும் மேல வெடிக்கிற கேஸ்ல கொஞ்சம் பிஸ்டன் ஓரமா கீழ எறங்கும். அதத்தான் பேக் கம்ப்ரஷன்னு சொல்றோம். கீழ ஆயில் கெடக்கிற கிராங்க்கேஸ் மூடின டப்பா. எறங்கின காத்துக்கு வெளிய போவ ஒரு வழி வேணும், அதான் ப்ரீத்தர். அத்த அடைச்சிட்டா உள்ள பிரஷர் ஏறிக்கினே போவும். எது எளச்சதோ அத்தத் தள்ளிக்கினு வெளிய வரும். எளச்சது ஆயில் சீலு."

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களுக்கு டர்போ ஏற்றுகிற வேலையில்தான் இதன் அருமை தனக்குத் தெரிந்தது என்றான். டர்போ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. சிலிண்டரில் அழுத்தம் கூடக்கூடக் கீழே இறங்குகிற கேஸும் கூடும். சாதா எஞ்சினுக்குப் போதுமான சின்ன ஹோஸ் இதற்குப் போதாது. டர்போவுக்குப் போகிற ஆயில் தானாக வடிந்துதான் கீழே திரும்பவேண்டும். கிராங்க்கேஸில் அழுத்தம் நின்றால் அது வடியாது, டர்போ சீலைத் தாண்டி எரிந்து நீலப் புகையாக வரும். முதலாளி டர்போ போய்விட்டது என்பான். அடைப்பு இருப்பது ப்ரீத்தரில்.

பிறகு நானே தேடிப் படித்தேன். பழைய கார்களில் இந்தப் புகையை ஒரு குழாய் வழியாக ரோட்டில் விட்டுவிடுவார்கள். கலிபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் அதை மறுபடி எஞ்சினே உறிஞ்சி எரிக்கும்படி வால்வு வைக்கச் சொன்னார்கள். பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் மேனிஃபோல்டு உறிஞ்சுவதால் அது நடக்கிறது. அதே எஞ்சினுக்கு டர்போவோ சூப்பர்சார்ஜரோ ஏற்றினால் கதை மாறிவிடும். வேகம் எடுக்கும்போது உறிஞ்சிய இடமே ஊத ஆரம்பிக்கும். பழைய ஹோஸை அப்படியே விட்டால் அந்தக் காற்று கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அதனால் அங்கே ஒருவழி வால்வு வைக்க வேண்டும். இன்னொரு ஹோஸை ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவில், எப்போதும் உறிஞ்சுகிற இடத்தில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு டின் வைத்து ஆயில் பிசுக்கைப் பிடிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து ஹோஸ் மேல்நோக்கிப் போகவேண்டும், தொங்கினால் அந்தப் பள்ளத்தில் ஆயில் நின்று அதுவே அடைப்பாகிவிடும். எல்லாவற்றையும் தம்பி ஏற்கெனவே கையால் தெரிந்து வைத்திருந்தான். நான் படித்துச் சொன்னபோது, "ஆமா" என்றான்.

மறு ஞாயிற்றுக்கிழமை படகுத்துறை மரத்தடியில் எஞ்சினைக் கொண்டுவந்து போடச் சொன்னோம். தம்பி பேசவில்லை. ப்ரீத்தர் ஹோஸைக் கழற்றி உள்ளே கம்பியை விட்டுக் குத்தினான். வெள்ளையாக ஒரு துண்டு வந்து விழுந்தது. வலை மிதவையில் வெட்டியது. ஹோஸ் ஆயில் கக்கி மீன் கூடையில் படுகிறது என்று படகுக்காரரின் மகனே அடைத்து வைத்திருந்தான். அவனே ஒப்புக்கொண்டான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "சரி வுடு, புள்ள தெரியாம பண்ணிட்டான்" என்றார். ஒரே எஞ்சின், ஒரே நாசம். என் தம்பி பண்ணினான் என்றால் தண்டம், அவர்கள் பிள்ளை பண்ணினான் என்றால் தெரியாமை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. டீ வந்தது. அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்கள் இரண்டு பேருக்கும் பேப்பர் கப். ரெட்டை டம்ளர் ஒழிந்துவிட்டது என்று சொல்கிற தோழர்கள் இந்தப் பேப்பர் கப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் குடிக்கவில்லை. தம்பியும் கீழே வைத்துவிட்டான்.

ஆனால் அந்த எஞ்சினை அவன்தான் மறுபடி பிரித்துக் கட்டினான். எனக்குக் கோபம். "ஏன்டா போற?" என்றேன். "எஞ்சின் இன்னாண்ணே பண்ணுச்சு? கூலி வாங்கிக்கினுதான் செய்றேன்" என்றான். இந்த முறை ஹோஸை உயரமாகக் கட்டி, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை உள்ளே திணித்த ஒரு பழைய டின்னில் விட்டான். டின்னின் மேல்பக்கம் ஓட்டை போட்டான். படகுக்காரரின் மகன் வந்து ஓட்டை எதற்கு என்று கேட்டான். பக்கத்தில் உட்காரவைத்து, எனக்குச் சொன்ன அதே சைக்கிள் பம்பிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொடுத்தான்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து அந்தக் குப்பத்தாரோடு ஒரே பேனரைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். ஏரி போனால் அவர்களுக்கும் வாழ்வில்லை, எங்களுக்கும் இல்லை. "ஏரி நம்ம எல்லாருக்கும் சொந்தம்" என்று மைக்கில் சொன்னார்கள். என் முறை வந்தபோது, அப்படியென்றால் பாட்டில் எங்கள் பேரை எப்போது எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். "இப்ப இதப் பேசற நேரமாப்பா?" என்று ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.