ஆட்டத்துக்கு ஆள் வேண்டும்

ஆப்பிரிக்க அடிமைகள் வளர்த்த போர்க்கலை, ஊரில்லாதவர்களின் நகரத்துக்கு ஒரு சேதி சொல்கிறது

பெங்களூரிலிருந்து ஓசூர் போகிறவர்களுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி ஒரு பாலத்தின் முடிவில் வருகிற ஊர். பொம்மனஹள்ளி அருகே ஏறினால் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தரையைத் தொடாமலே வந்து இறங்கலாம். இந்தப் பாலம் திறக்கப்பட்டது 2010 ஜனவரியில். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் வந்து சேர்ந்தது. வந்து போக இத்தனை வழிகள். ஆனால் வந்தவர்களில் எத்தனை பேர் இதைத் தங்கள் ஊர் என்று சொல்வார்கள் என்பது வேறு கேள்வி.

கோனப்பன அக்ரஹாரம், தொட்டத்தோகூர் என்ற இரண்டு கிராமங்களின் நிலத்தில் 332 ஏக்கரை எடுத்து, 1978ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் மின்னணுத் தொழில்களுக்காக இந்தப் பேட்டையை உருவாக்கியது. அதன் தலைவராக இருந்த ஆர்.கே.பாலிகாவின் கனவு அது. அப்போது பலர் சிரித்தார்கள். 1990களில் மென்பொருள் நிறுவனங்கள் வந்து குவிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. இன்று தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம், ஒடியா எல்லாம் ஒரே டீக்கடையில் கேட்கும். நீலாத்ரி சாலையைச் சுற்றி விடுதிகள், மெஸ்கள், அடுக்குமாடிகள். பகலில் எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. வெள்ளிக்கிழமை இரவு வந்துவிட்டால் பாதிப் பேர் கையில் பையோடு சாலையோரம் நிற்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு அத்திபெலே எல்லையைத் தாண்டும். மீதிப் பேருக்கு அறைச் சுவரும் செல்போனும்தான் துணை.

உடம்பை வளர்க்க இங்கே வசதிக்குக் குறைவில்லை. ஜிம்முக்குப் போகலாம், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடலாம். இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு மனிதர் தேவையில்லை. ஆனால் பெங்களூரில் சிறு சிறு குழுக்களாகச் சிலர் கற்றுவரும் ஒரு கலை அப்படிப்பட்டதல்ல. தனியாக ஆடவே முடியாத அந்தக் கலையின் பெயர் கபோயிரா.

கபோயிரா பிரேசில் நாட்டுக்காரர்களின் சொத்து. ஆனால் அதை உருவாக்கியவர்கள் போர்ச்சுகீசியக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்ட அடிமைகளும் அவர்களின் வாரிசுகளும். உதை, சுழற்சி, குட்டிக்கரணம், தரையோடு தரையாக நழுவுதல் எல்லாம் இதில் உண்டு. பார்ப்பவருக்கு நடனமா, சண்டையா என்று சந்தேகம் வரும். பிரேசிலில் அடிமைமுறை 1888ல் ஒழிந்தது. இரண்டே ஆண்டில், 1890ல் வந்த தண்டனைச் சட்டம் தெருவில் கபோயிரா ஆடுவதைக் குற்றமாக்கியது. விடுதலையான கறுப்பின மக்கள் நாலு பேர் கூடினாலே அரசுக்குப் பயம். ஆடியவர்கள் பட்டப்பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். 1932ல் சால்வடோர் நகரில் மெஸ்த்ரே பிம்பா என்ற ஆசான் கூரைக்குக் கீழே பள்ளி தொடங்கினார்; 1937ல் அதற்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. கபோயிரா வட்டத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக 2014ல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

யுனெஸ்கோ ஏற்றது உதையை அல்ல, வட்டத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஹோடா' என்று போர்ச்சுகீசிய மொழியில் சொல்லப்படும் அந்த வட்டத்தில் இருவர்தான் நடுவே ஆடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் சும்மா வேடிக்கை பார்க்க முடியாது. ஒருவர் முன்பாட்டு எடுக்க மற்றவர்கள் பின்பாட்டு பாட வேண்டும். கை தட்ட வேண்டும். முரசு அடிக்க வேண்டும். ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரிம்பாவ் என்ற கருவி. வளைத்த கம்பு, ஒற்றைக் கம்பி, அடியில் கட்டிய சுரைக்குடுக்கை - அவ்வளவுதான். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த தென்பாண்டி நாட்டுக்காரருக்கு வில்லிலிருந்து இசை வருவதில் ஆச்சரியம் இருக்காது. உள்ளே நுழைகிறவர் முதலில் அந்த வில்லின் காலடியில் குந்தி, எதிராளியின் கையைத் தொட்டுவிட்டுத்தான் ஆட வேண்டும். சிலம்பம் 'ஆடுவது' என்று நாம் சொல்வதைப் போலவே, கபோயிராவையும் அவர்கள் 'விளையாடுவது' என்றுதான் சொல்கிறார்கள். எதிரே இருப்பவர் பகைவர் அல்ல. அவர் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. புதிதாக வந்தவர் முதல் நாள் உதைக்கத் தெரியாவிட்டாலும் கை தட்டலாம். அந்த நிமிடமே அவர் வட்டத்தில் ஒருவர். குழுக்கள் சிலவற்றில் ஆசான் புதியவருக்கு ஒரு பட்டப்பெயரும் சூட்டுவார். போலீசுக்குப் பயந்து வந்த பழக்கம், இன்று உறவின் அடையாளம்.

ஆறு மாதத்துக்கொரு முறை அறை மாற்றுகிறவர்கள் நிறைந்த எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடத்தில் இதன் அருமை எளிதில் புரியும். ஆனால் இந்தக் கதை இங்கே முடிந்துவிட்டால், அது கடல் தாண்டி வந்த இன்னொரு பொழுதுபோக்கின் கதையாகிவிடும். ஆப்பிரிக்க வில் கிழக்கேயும் பயணம் செய்திருக்கிறது. குஜராத்தின் ரத்தன்பூரில் பாவா கோர் தர்காவை ஒட்டி வாழும் சித்திகள், 'மலுங்கா' என்ற சுரைக்குடுக்கை வில்லை வாசிக்கிறார்கள். பெரிம்பாவும் மலுங்காவும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். இரண்டையும் சுமந்து போனவர்கள் ஒரே கண்டத்தின் மக்கள்; கப்பல்கள்தான் வேறு.

அந்தச் சித்தி இனத்தவர் கர்நாடகத்திலும் இருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே போனால் உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியால் காடுகள். கோவாவில் போர்ச்சுகீசியரிடமிருந்து தப்பி வந்தவர்களின் சந்ததியினர் பலர் அங்கே குடியிருக்கிறார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று மூன்று மதத்தவரும் உண்டு. கன்னடமும் கொங்கணியும் பேசுகிறார்கள். 'டமாமி' என்ற முரசு ஒலித்தால் மதம் பார்க்காமல் ஆட வருகிறார்கள். அங்கே மிஞ்சியிருப்பது முரசும் பாட்டும் ஆட்டமும்.

தக்காணத்துக்கு ஆப்பிரிக்க வீரம் புதிதல்ல. எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசின் தளபதியாகவும் ஆட்சியைத் தாங்கும் தூணாகவும் உயர்ந்து, 1626ல் இறக்கும்வரை முகலாயப் படையைத் திணறடித்தவர். ஜஞ்சிராக் கடல்கோட்டையை ஆண்ட சித்திகளை மராட்டியரால் கடைசிவரை அசைக்க முடியவில்லை. அடிமையாக வந்தவர்கள் படை நடத்திய வரலாறு இது. காட்டுக்குள் தங்கிய சித்திகளுக்கோ நிலமும் இல்லை, பெயரும் இல்லை.

டெல்லி அவர்களைத் திரும்பிப் பார்த்தது 1980களின் பிற்பகுதியில். ஆப்பிரிக்க உடல்வாகு ஒலிம்பிக் பதக்கம் தரும் என்ற கணக்கில், இந்திய விளையாட்டு ஆணையம் தன் சிறப்புப் பகுதித் திட்டத்தின் கீழ் சித்திச் சிறுவர், சிறுமியரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி மையங்களுக்கு அழைத்துச் சென்றது. சிலர் தேசியப் போட்டிகளில் பதக்கம் வென்றார்கள். சர்வதேசப் போட்டிகளுக்கும் போனார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் காட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் திரும்பினார்கள். அரசுக்குத் தேவைப்பட்டது கால்கள்; அந்தக் கால்களுக்குத் தாளம் தந்த ஊரை அது கணக்கில் எடுக்கவில்லை. உத்தர கன்னடச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதே 2003ல்தான்.

இன்று வேலை தேடி நகரங்களுக்கு வரும் சித்தி இளைஞர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி: "எந்த நாடு?" பதில் கன்னடத்தில் வந்தால் கேட்டவருக்கு நம்பிக்கை வராது. பெங்களூரில் அது வெறும் கேள்வி மட்டுமல்ல. 2016 ஜனவரி கடைசியில், ஒரு சூடான் நாட்டு மாணவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தபோது, ஆத்திரம் கொண்ட கும்பல் ஒன்று அந்த வழியாக வந்த தான்சானியா மாணவியைத் தாக்கியது. அவருக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை. தோலின் நிறம் மட்டுமே சாட்சி.

ஆப்பிரிக்கக் கலையைக் காசு கொடுத்துக் கற்கும் நகரமும் இதுதான். கலையை வாங்கிக்கொண்டு, கலையைத் தந்த மனிதர்களை வாசலில் நிறுத்துவது உலகத்துக்குப் புதிதல்ல. பிரேசிலும் அதைத்தான் செய்தது. ஆனால் கபோயிராவின் விதி வேறு. வட்டத்துக்குள் வர அடையாள அட்டை கேட்பதில்லை. கை தட்டத் தயாரா, அடுத்தவர் பாடும்போது கூடப் பாடுவாயா என்பதே கேள்வி.

உத்தர கன்னடக் காட்டில் டமாமி கேட்டு ஓடிவருகிறவர்களுக்கு அந்த விதியை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து எல்லாப்பூர் ஓர் இரவு பஸ் பயணம்தான். சனி, ஞாயிறுகளில் வட்டம் கூடும் பெங்களூர்க்காரர்கள் ஒருமுறை அங்கே போய் வரலாம்; அங்கிருந்து நான்கு பேரை இங்கே அழைத்தும் வரலாம். முரசு அடிக்கத் தெரிந்தவர்களுக்கு எந்த வட்டத்திலும் இடம் உண்டு.