டி-யில போட்டா உதறுது!

சாரல் சீசன் ஆரம்பிச்சுட்டா எங்க இலத்தூர் பக்கம் ரோட்டுல வண்டிக்குக் குறைச்சலே கிடையாது. புளியரை மலைப்பாதை இறங்கி வர்ற கேரளா வண்டிகள், ராஜபாளையம் வழியா வர்ற மதுரை வண்டிகள்னு எல்லாம் குற்றாலத்தைப் பார்த்துதான் போகும். அதுல ஆட்டோமேட்டிக் வண்டிங்க இப்பல்லாம் நிறையவே கண்ணுல படுது. ஒரு காலத்துல பணக்காரங்க சமாச்சாரமா இருந்தது, 2014-ல மாருதி செலேரியோ ஏ.எம்.டி.யோட வந்த பிறகு நடுத்தரக் குடும்பத்துக்கும் வந்துடுச்சு.

ஆனா மக்களே, வண்டி வந்த வேகத்துக்கு அதைப் பத்தின விவரம் வரல. நின்ன எடத்துல வண்டி உதற ஆரம்பிச்சா எல்லாரும் கை நீட்டுறது கியர்பாக்ஸைத்தான். "ஆட்டோமேட்டிக்ல, அப்படித்தான் இருக்கும். கியர்பாக்ஸ் போயிருக்கும்." இந்த ஒரு வரியால எங்க சித்தப்பா கிட்டத்தட்ட வண்டியையே வித்துட்டாரு. அந்தக் கதைதான் இது.

சித்தப்பாவுக்கு சின்ன வயசுல போலியோ வந்து இடது கால் சூம்பிப் போச்சு. கிளட்ச் மிதிக்க முடியாது. முப்பது வருஷம் பக்கச் சக்கரம் வச்ச ஸ்கூட்டர்லதான் ஆபீஸ் போனாரு, சாரல்ல நனைஞ்சுக்கிட்டே. ரிட்டயர் ஆன காசுல 2014 மாடல் பெட்ரோல் வண்டி ஒண்ணு செகண்ட் ஹேண்டா வாங்கினாரு. நாலு சிலிண்டர், நாலு கியர், பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். மாசாமாசம் சித்தியை திருநெல்வேலிக்கு செக்கப் கூட்டிட்டுப் போறதுக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்னு ஆச்சு. அந்த வண்டி அவருக்குக் கார் மட்டும் கிடையாது, கால்னே சொல்லலாம்.

போன வருஷம் ஆடியில அது உதற ஆரம்பிச்சது. சிக்னல்ல டி-யில போட்டு பிரேக் மிதிச்சு நின்னா ஸ்டியரிங்கெல்லாம் ஆடும். என்-க்கு மாத்தினா குறையும். ஒரு பட்டறையில காட்டினாரு. "கியர்ல போட்டா உதறுது, கியர் எடுத்தா குறையுது. அப்ப கியர்பாக்ஸ்தான். ஒண்ணேகால் லட்சம் ஆகும்"னுட்டாங்க. வீட்டுல பெரியவங்க, "நம்ம ஊர் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு போட்டியாடா?"ன்னு கேட்டாங்க :) சித்தப்பா ரெண்டையும் விட்டுட்டு ஒரு புரோக்கரை வரச் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை வர்றதா பேச்சு. விஷயம் எனக்குத் தெரிஞ்சது அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை.

இந்த இடத்துல கொஞ்சம் பாடம். பயப்படாதீங்க, சின்னதுதான்.

டார்க் கன்வெர்ட்டர்ங்கிறது எண்ணெய்க்குள்ள எதிரெதிரா வச்ச ரெண்டு ஃபேன் மாதிரி. ஒண்ணை இன்ஜின் சுத்தும். அது தள்ளுற எண்ணெய் இன்னொண்ணைச் சுத்த வைக்கும். அந்த இன்னொண்ணுதான் கியர்பாக்ஸுக்குப் போகுது. ஹெர்மன் ஃபோட்டிங்கர்ங்கிற ஜெர்மன் இன்ஜினியர் 1905-ல கப்பலுக்காக யோசிச்ச சமாச்சாரம் இது. என்-ல இருக்கும்போது ரெண்டாவது ஃபேன் சும்மா கூடவே சுத்தும், இன்ஜினுக்குப் பாரம் இல்ல. டி-யில போட்டு பிரேக் மிதிச்சா ரெண்டாவது ஃபேனை இறுக்கிப் பிடிச்ச மாதிரி. இன்ஜின் எண்ணெயைக் கடைஞ்சுக்கிட்டே நிக்கணும். அதாவது வண்டி நின்னாலும் இன்ஜின் பாரம் சுமக்குது.

ஆக, நல்ல கியர்பாக்ஸ் இருந்தாலும் நோஞ்சான் இன்ஜின் டி-யில அதிகமா உதறும். மூட்டை தூக்காதப்ப லேசா நொண்டுறவன், மூட்டை ஏத்தினா நல்லாவே நொண்டுவான்ல, அந்தக் கதைதான். பட்டறைக்காரங்க பார்த்தது சரி, அதுலேர்ந்து எடுத்த முடிவுதான் சரியில்ல. முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு: என்-ல உதறல் சுத்தமா நிக்குதா, இல்ல குறையுதா? சுத்தமா நின்னா இன்ஜின் மவுண்டிங் ரப்பர், ஐடிலிங் வேகம்னு தேடலாம். கொஞ்சமாவது இருந்தா முதல்ல இன்ஜினைப் பார்க்கணும்.

(ஏ.எம்.டி. வச்சிருக்கிறவங்களுக்கு: உங்களுது சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கிறதையும் கியர் மாத்துறதையும் மெஷின் செய்யுது. பிரேக் மிதிச்சு நிக்கும்போது பொதுவா கிளட்ச் விடுபட்டிருக்கும். அதனால டி-யிலயும் என்-லயும் ஐடிலிங் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கணும். நிக்கும்போது சும்மா இருந்து, கிளம்பும்போது மட்டும் உதறினா கிளட்சைப் பாருங்க.)

நிஜமான கியர்பாக்ஸ் கோளாறு வேற மாதிரி பேசும். டி-யில போட்டா ரெண்டு மூணு நொடி கழிச்சு 'டக்'னு பிடிக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தா சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கியர் மாறும்போது இடிக்கும். சிவப்பா இருக்க வேண்டிய ஆயில் கருத்துப் போய் தீஞ்ச வாடை அடிக்கும். சித்தப்பா வண்டியில இதுல ஒண்ணுகூட இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணி என்-ல விட்டோம். சீட்டுல கையை வச்சா லேசா, ஆனா ஒழுங்கான இடைவெளியில ஒரு துடிப்பு. நாலு சிலிண்டர் இன்ஜின் 750 ஆர்.பி.எம்.ல ஓடினா நொடிக்கு 25 தடவை எரியும். அது நம்ம கைக்கு உதறலாவே தெரியாது. ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யலைன்னா நொடிக்கு ஆறு தடவை ஓட்டை விழும். அது கைக்கு நல்லாவே தெரியும். இது மிஸ் அடிக்கிற துடிப்புதான்னு தோணுச்சு.

2013-க்குப் பிறகு வந்த வண்டிகள்ல ஓ.பி.டி. சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கும். புளூடூத் ரீடரை அதுல சொருகி போன்ல பார்த்தா, பி0303. மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங்.

உடனே மூணாவது காயில் வாங்க ஓடக் கூடாது மக்களே. கோடு சொல்லுறது எந்த வீட்டுல பிரச்னைன்னு மட்டும்தான். யாரால பிரச்னைன்னு சொல்லாது. இதுக்குக் காசில்லாத ஒரு சோதனை இருக்கு. இன்ஜினை அணைச்சு ஆறவிட்டு, மூணாவது காயிலை ரெண்டாவதுக்கும் ரெண்டாவதை மூணாவதுக்கும் மாத்திப் போட்டோம். கோடை அழிச்சுட்டு திரும்ப ஓட்டினோம். பி0302-ன்னு வந்தா காயில் குத்தவாளி. வரல, பழையபடி 0303. பிளக்கையும் அதே மாதிரி இடம் மாத்தினோம். அப்பவும் 0303.

தீப்பொறி சரி. அப்ப பெட்ரோல் வருதா? நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முனையை இன்ஜெக்டர் மேல வச்சு, கைப்பிடியைக் காதுல வச்சா டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி கேக்கும். (சட்டை நுனி, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகாம பார்த்துக்கோங்க.) சித்தப்பாவே ஊன்றுகோலைச் சாய்ச்சு வச்சுட்டு, பம்பர்ல ஒரு கையை ஊனிக்கிட்டு கேட்டாரு. ஒண்ணு, டிக் டிக் டிக். ரெண்டு, அதே. மூணுல நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு.

"இது பேச மாட்டேங்குதய்யா."

டிக், அப்புறம் ஒண்ணும் இல்ல, அப்புறம் ரெண்டு டிக். ஒயரைத் தொட்டு லேசா அசைச்சேன், இன்ஜின் ஒரு நிமிஷம் அழகா ஓடுச்சு. விட்டா திரும்ப நொண்டி. ஒயர் உறையை விலக்கிப் பார்த்தா, வரிசையா குட்டிக் குட்டிப் பல்லு தடம். எலி! வயலை ஒட்டின வீடு, பக்கத்துலயே வைக்கோல் படப்பு. மழை நேரத்துல சூடான இன்ஜின் மேல வந்து படுத்துக்கிட்டு பொழுதுபோகாம கடிச்சிருக்கு. உறை போன எடத்துல சாரல் ஈரம் இறங்கி, செம்புக் கம்பி பச்சை பூத்து ஒண்ணு ரெண்டு இழைதான் மிச்சம். அதான் ஈரமான காலையில அதிகமா உதறி, வெயில் ஏறினா அடங்கியிருக்கு.

தென்காசியில ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கெட்டுப்போன துண்டை வெட்டிட்டு புது ஒயர் வச்சு சால்டர் பண்ணி ஸ்லீவ் போட்டுக் கொடுத்தாரு. கூலியோட 450 ரூபாய். ஒண்ணேகால் லட்சம் எங்க, இது எங்க!

அப்புறமும் டி-யில ஒரு சின்ன அதிர்வு மிச்சம் இருந்தது. சக்கரத்துக்குக் கல்லு வச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு டி-க்கும் ஆர்-க்கும் மாத்தச் சொல்லி, நான் ஓரமா நின்னு பானெட்டுக்குள்ள பார்த்தேன். (வண்டிக்கு முன்னாலயோ பின்னாலயோ யாரும் நிக்கக் கூடாது.) இன்ஜின் ஒரு பக்கம் எழும்பி எழும்பி உக்காந்தது. வலது பக்க மவுண்டிங் ரப்பர் வெடிச்சிருந்தது. அதையும் பொங்கலுக்கு முன்னாடி மாத்தியாச்சு.

இன்னொண்ணு. செக் இன்ஜின் விளக்கு சும்மா எரிஞ்சா நாள் பார்த்து போகலாம். விட்டு விட்டு மின்னினா ஓரம் கட்டிடுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் எரிஞ்சா அது உருகிடும். அப்ப நிஜமாவே பெரிய செலவு.

புரோக்கர் வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தாரு. சித்தி காபி மட்டும் கொடுத்து அனுப்பிட்டாங்க.

வண்டி உதறினா பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கோங்க: காலையிலயா, சூடானப்புறமா, ஏ.சி. போட்டா, போடாட்டி, பி, ஆர், என், டி ஒவ்வொண்ணுலயும் எப்படி, மழையில எப்படி. சீட்டோட போற ஆளுகிட்ட "கியர்பாக்ஸ் போச்சு"ன்னு ஒரு வரியில முடிக்க யாருக்கும் வாய் வராது. எந்தச் சோதனை பண்ணி அப்படிச் சொல்றீங்கன்னு கேக்கவும் நமக்குத் தைரியம் வரும்.

எலிக்குத்தான் இன்னும் வழி தெரியல. ராத்திரி பானெட்டைத் திறந்து வச்சுப் பார்த்தாச்சு, ரசகற்பூரம் கட்டிப் பார்த்தாச்சு, புகையிலையும் வச்சாச்சு. ஒரு வாரம் வராம இருக்கு, அப்புறம் பழகிடுது. வயக்காட்டு ஊர்க்காரங்க யாராவது உருப்படியா ஒரு வழி வச்சிருந்தா சொல்லுங்கப்பு, புண்ணியமாப் போகும்!