வயலினா, பாட்டியா?

பர்மிங்ஹாம் வந்த புதுசுல மாணவர் சலுகைச் சீட்டுல சிம்பொனி ஹால் போனேன். மேற்கத்திய இசையில எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனா வயலின்கள் ஆரம்பிச்சதுமே கண்ணு கலங்கிடுச்சு. கூட வந்த நண்பன், "ஜலதோஷமா மச்சி?"ன்னான் :-)

1920ல மாநகராட்சிப் பணத்தோட ஆரம்பிச்ச இசைக்குழு அது. 2023 செப்டம்பர்ல அதே மாநகராட்சி கையை விரிச்சிடுச்சு. பெண் ஊழியர்களுக்குச் சேர்ந்துபோன சம ஊதிய பாக்கி, சொதப்பின கணினி அமைப்புன்னு பல காரணம். இசைக்குழு, பாலே, ரெப் நாடக அரங்கம், ஐகான் ஓவியக்கூடம் எல்லாத்துக்கும் 2024-25ல மானியம் பாதி, 2025-26ல பூஜ்யம்.

எனக்கு செம கோபம். பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட புலம்பினேன்.

"வரியைப் பத்து சதவீதம் ஏத்திட்டாங்கப்பா. என்னைக் கவனிக்க வர்ற பொண்ணையும் நிறுத்திடுவாங்களோன்னு நான் பயந்துட்டு இருக்கேன்"ன்னாங்க.

வாயடைச்சுப் போயிட்டேன். மாணவன்ங்கறதால நான் அந்த வரியே கட்டறதில்லை!

ராத்திரி தூக்கம் வரல. எங்க அக்கா வயலின் கத்துக்கிட்டது மாவட்ட அரசு இசைப்பள்ளியில. தனியா வாத்தியார் வைக்க அப்பா சம்பளம் பத்தாது. சிம்பொனி ஹால்ல நான் அழுதது அந்த வயலினை நெனச்சுத்தான்.

வயலினா பாட்டியான்னு கேட்டா, பாட்டிதான். சந்தேகமே இல்லை. இசைக்குழு இன்னும் வாசிக்குது, சந்தோஷம். ஆனா ஊர்ப்பணம் சுத்தமா விலகிட்டா, எங்கக்கா மாதிரி ஒரு பொண்ணு கையில வயலினை யார் கொடுப்பாங்க?